நானூறு கிலோமீட்டர் பார்வை

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் நான் அடுத்து ஏறும் கப்பல் கரை சேராமல் போகட்டும். கட்சால் தீவில் ரப்பர் பால் எடுக்கும் வேலாயியின் மகள் தமிழரசிக்கு, எட்டு வயதில், வலது கண்ணில் பார்வை திரும்பியபோது அந்தக் கண்ணுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் தெரிந்தார். சூப்பர்வைசர் சந்திரசேகர். கண்ணைக் கெடுத்தவரும் அவர்தான். பிப்ரவரி மாதம் ஒரு காலையில், வேலைக்குப் பிந்தி வந்த வேலாயி மேல் அவர் பால் பிடிக்கும் சிரட்டையை எறிந்தார். குறுக்கே வந்த பிள்ளையின் கண்ணில் பட்டது. ரப்பர் காய் வெடித்து விதை தெறித்ததாக ரிப்போர்ட் எழுதினார். பிப்ரவரியில் ரப்பர் மரத்தில் காய் என்ன, இலையே இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆஜர் போடுகிறவர் அவர் என்பதும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் பிள்ளையின் கண்பாப்பா ரப்பர் பால் விட்டதுபோல் வெளுத்துவிட்டது.

போர்ட் பிளேரில் டாக்டர் விஜயலட்சுமி புரையை எடுத்து லென்ஸ் வைத்தார். நல்ல கண்ணை மூடிவிட்டு, சுவரில் எழுத்து அட்டையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்.

“சூப்பர்வைசர் தெரியிறாரு. மீசைக்கு மை பூசுறாரு.”

சூப்பர்வைசர் அப்போது கட்சாலில் இருந்தார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘ஓர் ஆள், நானூறு கிலோமீட்டர், தெளிவு’ என்று குறித்துக்கொண்டு, அடிபட்ட கண் பார்க்கப் பழகவேண்டும், அதனால் நல்ல கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் பிளாஸ்திரி போட்டு மூடவேண்டும் என்றார்.

“எட்டு மணி நேரமா வச்சுக்கிறேனே டாக்டரம்மா,” என்றாள் வேலாயி.

“ஆறு போதும்மா.”

ஊர் திரும்பியதும் வேலாயி காலை எட்டு மணிக்குப் பிளாஸ்திரி ஒட்டி, பிள்ளையைப் பால் கொட்டகைப் படியில் உட்காரவைத்தாள். வாளியோடு வரும் பெண்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். “அச்சா, இன்னிக்கு என்ன ப்ரோகிராம்?” என்பாள் ஒச்சம்மா. பல்லைக் கழற்றி கிளாசில் போட்டுவிட்டார், கண்ணாடி முன்னால் நின்று தனக்கே சல்யூட் வைக்கிறார், பல்லிக்குப் பயந்து கட்டிலில் ஏறி நிற்கிறார் என்று தமிழரசி சொல்லிக்கொண்டே இருப்பாள். பெண்கள் மத்தியானம் அவரிடமே விசாரிப்பார்கள். “பல்லி போயிருச்சுங்களா சார்?” எல்லாம் அப்படியே சரியாக இருந்தது. நாலு மாதத்தில் அவர் மாற்றல் வாங்கி, மனைவியோடு கேம்பல் பே ஊருக்குப் போனார். கடல் தாண்டியும் பிரயோஜனமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார் என்று மறுநாளே இங்கே படியில் சேதி வாசிக்கப்பட்டது. கேம்பல் பேயிலிருந்து வந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

அடுத்த பிப்ரவரியில் அவர் கப்பலிலிருந்து இறங்கி நேராக வேலாயியின் லயத்து வீட்டுக்கு வந்தார்.

“வேலாயி, போதும். நாந்தான் எறிஞ்சேன்.”

“எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனக்குத் தெரியுமே. பெரட்டுல சொல்லுங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தான் பேர் கூப்பிட்ட அதே பெரட்டுக்களத்தில் நின்று அவர் சொன்னார். காய் வெடிக்கவில்லை, சிரட்டையை எறிந்தது நான். பின்னால் கேட்கவில்லை என்றாள் ஒச்சம்மா. மறுபடி சொன்னார். இன்னும் கேட்கவில்லை என்றாள். மூன்றாம் தடவை கத்திச் சொல்லி, கையால் எழுதியும் கொடுத்தார். வேலாயி அங்கேயே பிளாஸ்திரியை எடுத்து மகளின் இடது கண்ணில் ஒட்டினாள். வலது கண்ணில் சூப்பர்வைசர் கால் பக்கமிருந்து மங்கிக்கொண்டே போய் மறைந்தார். அந்த இடத்தில் வேலாயியின் முகம் வந்தது.

“நீ சிரிக்கிறியாம்மா?” என்று பிள்ளை கேட்டது.

டாக்டரின் அட்டையில் இப்போது கடைசிக்கு முந்திய வரிவரை வாசிக்கிறாள். கண் அப்படித்தான் சரியாகும் என்று கட்சாலில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சந்திரசேகரின் மனைவி நளினி, சிரட்டை எறிந்த நாளிலிருந்து, தினமும் காலை ஏழரை மணிக்கு வேலாயிக்குப் போன் செய்து வீட்டு நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.