கோச் யாரிடமும் கேட்கவில்லை

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"லீக் முடியட்டும். நம்ம டீம் ஜெயிச்சா அண்ணன் மனசு குளிர்ந்திருக்கும், அப்போ கேக்குறேன்."

"மாத்துக் கிட்னி வைக்கலேன்னா தாங்காதுங்கிறாரு டாக்டர். என்னோடது சேராதுன்னுட்டாங்க. நீங்க புள்ளிப் பட்டியலைப் பாத்துட்டு இருங்க!"

மனைவி இப்படித் திட்டி மூன்று மாதமாகிறது. லீக் முடிந்தது, கோப்பையும் வந்தது, தம்பிக்கு மட்டும் வாய் வரவில்லை. மறுத்துவிட்டால் நம்பிக்கையோடு அண்ணனும் போய்விடுவாரே என்ற பயம். "மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க, அது போதும்ணே" என்றே சொல்லிவந்தான்.

இன்று மைதானத்து வாசலில், இறந்துபோன அணிக் கோச்சின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவரும் கூட்டத்தோடு நின்றார்கள்.

"தோத்த அன்னிக்கெல்லாம் அவரே கேலரிக்கு வந்து, 'திட்டுங்கப்பா'ன்னு நிப்பாரு," என்றார் பஸ் டிரைவரான அண்ணன். "ஒரு தடவை, 'கண்ணாடியைத் துடைச்சுட்டு டீமைப் போடுய்யா'ன்னு கத்தினேன். நிஜமாவே கழட்டித் துடைச்சாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

அப்போது அணியின் டாக்டர் மைக்கைப் பிடித்தார். கோச்சின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து இரண்டு வருடமாகியிருந்ததாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டாராம்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி மனுஷா! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே!"

"நானும் குடுத்திருப்பேன்!" என்று ஆளாளுக்குக் கதறினார்கள்.

இறந்தவருக்குத் தருவதாகச் சொல்வது சுலபம் என்று தம்பிக்குத் தெரியும். ஆனாலும் இன்று விட்டால் இனி ஒருநாளும் வாய் வராது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் அண்ணனின் சட்டையைப் பிடித்தான்.

"அண்ணே, எனக்கு மெஷின் போதாதுண்ணே. உன் கிட்னில ஒண்ணை எனக்குக் குடுப்பியா?"