மேல்வெளிக் கிளோவர்

ஹத்துவின் இறுகிய வலது கையைப் பிரிக்க வெந்நீர் தேவைப்பட்டது. பிணத்தைக் குளிப்பாட்டிய மூவரில் மகன் பாஸுதான் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். உள்ளே, வேரோடு பிடுங்கிய கிளோவர் என்ற மேய்ச்சல் செடி ஒன்று நசுங்கிக் கிடந்தது.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த புல்வெளிக் காவல்காரன் ஈதிர் குவளையை நிறுத்தினான்.

"மேல்வெளிச் செடி மாதிரி இருக்கே."

மலையுச்சிப் புல்வெளியான மேல்வெளி மேய்ச்சலுக்கு இன்னும் திறக்கப்படவில்லை. திறப்பு நாளுக்கு முன் யார் உள்ளே கால் வைத்தாலும் அந்த வீட்டு ஆடுகளுக்குக் கோடை முழுவதும் அங்கே இடமில்லை. ஹத்து காவல்காரனாக இருந்தபோது, ஒரு கட்டுப் புல் அறுத்ததற்காக விதவை ஈட்டோவின் மந்தையை அப்படித்தான் வெளியே நிறுத்தினான். குளிர்காலத்துக்குள் அவளிடம் ஓர் ஆடுகூட மிஞ்சவில்லை. அதை விருந்துகளில் சிரித்துக்கொண்டே சொல்வான்.

ஊர்த்தலைவர் மோஹா செடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாதையிலதானே விழுந்து கெடந்தாரு? வாய்க்கா ஓரத்துல பறிச்சிருப்பாரு. அங்கயும் இது மொளைக்குது."

"வாய்க்கா செடிக்கு எலையில வெள்ளைக் கோடு இருக்கும்," என்றான் ஈதிர்.

"இதுல எலை எங்கய்யா இருக்கு? கூழா இருக்கு."

"எலை வேணாம், தண்டைப் பாருங்க. வாய்க்கா செடி தரையில ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். இதுக்கு ஒரே கட்டை வேரு."

"செத்தவர் மேல வழக்கு வேணாம், ஈதிர். மகன் ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிடலாம். சொல்லு தம்பி, வாய்க்கா செடிதானே?"

ஈட்டோவுக்கு யாரும் இப்படி வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. அன்று அவள் வழக்குக் கூட்டத்தில் ஹத்துவுக்குத் தலையாட்டியதும் மோஹாவின் இதே தாடிதான். இப்போது அவள் அடுப்படியில் இந்த வீட்டுச் சாவுச் சோற்றுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் கிடந்த ஹத்துவின் முகமோ, யாரையோ பிடித்துக் கொடுத்துவிட்ட திருப்தியில் இருந்தது.

பாஸுவிடம் எண்பது ஆடுகள். கீழ்ச்சரிவில் முள்ளைத் தவிர ஒன்றுமில்லை.

அவன் செடியை வாங்கி நகத்தால் கிளறினான்.

"பூவுக்குக் காம்பே இல்ல. தரையோட ஒட்டிப் பூத்தது. மேல்வெளிதான்."

"யோசிச்சுப் பேசு. உன் ஆடுங்க."

"என் ஆடுங்கதான். இந்த ஆளு பூ வந்துடுச்சான்னு பாக்க மேல போயிருக்கான். வேற எவனாவது போயிருந்தா கையை ஒடிச்சிருப்பான்."

மோஹா தாடியைத் தடவினார். ஈதிர் மறுபடி தண்ணீர் ஊற்றினான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் உண்ண உட்கார்ந்தபோது, ஈட்டோ பாஸுவின் முன் தட்டை வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன பாக்குற? பெரிய நியாயவான்னு நெனைப்பா? என் ஆடு வந்துடுமா? தின்னு, ஆறுது."

தின்றான்.

திறப்பு நாளன்று ஊர் மந்தைகள் எல்லாம் மணியோசையோடு மேலே ஏறின. பாஸுவின் கிழட்டுப் பெட்டையாடு ஒன்று அந்தக் கூட்டத்தோடு நுழையப் பார்த்தது. அவன் கோலைக் குறுக்கே நீட்டி அதைக் கீழ்ச்சரிவுக்குத் திருப்பினான். நாலடி போய் நின்று, மேலே பார்த்துக் கத்தியது.