காய்ச்சிய தயிர்

கோணேஸ்வரியின் வீட்டில் அடுப்பு அணைந்திருப்பது அபூர்வம். கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் பதினான்காம் மாடியில் இருந்துகொண்டு, குழாய்த் தண்ணீரைக்கூடக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தான் குடிக்கத் தருவாள். "கனடாத் தண்ணியைக் காய்ச்சிற ஒரே ஆள் நீதான்" என்று பக்கத்து வீட்டு பேர்ணடெற் பகிடி பண்ணுவாள். கோணேஸ்வரி சிரிக்கமாட்டாள். மூன்று வருடங்களுக்கு முன், திருகோணமலையில் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், "தண்ணி விடாய்க்குது அம்மா" என்ற மூத்த மகனுக்குக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் கொடுத்தவள் அவள். மூன்றே நாள் வயிற்றோட்டத்தில் பிள்ளை போய்விட்டான்.

இப்போது நான்கு வயது மகள் சுகிர்தாவுக்கும் வயிற்றோட்டம். காது வலிக்கு டொக்டர் கொடுத்த மருந்து குடித்து முடிகிற நேரத்தில் தொடங்கியது. கோணேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பேர்ணடெற்தான் டொக்டரிடம் கூட்டிப்போய், அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

"காதுக்குத் தந்த மருந்து குடலில இருந்த நல்ல கிருமியளையும் சாக்காட்டிப்போட்டுதாம். உயிரோட கிருமி இருக்கிற தயிர் கொஞ்சம் குடுத்துப் பாக்கட்டாம். உதவினாலும் உதவுமாம். உப்பும் சீனியும் கரைச்ச தண்ணியை மட்டும் நிப்பாட்டக் கூடாதாம். பிள்ளை சோர்ந்தால் உடன கொண்டுவரட்டாம்."

உயிரோடு கிருமி என்றதும் கோணேஸ்வரி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகனைக் கொண்டுபோனதே கிருமிதான். அதைக் காசு கொடுத்து வாங்கி மகளுக்கு ஊட்டச் சொல்கிறார்களே, இது என்ன வைத்தியம்? டொக்டர் சொன்னதைத் தட்டவும் பயம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தயிரைச் சட்டியில் ஊற்றி, நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊட்டினாள். டொக்டர் சொன்னதும் ஆயிற்று, கிருமியும் செத்தாயிற்று.

இரண்டு நாள் போயும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. கோணேஸ்வரி மணிக்கொருதரம் மகளின் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். மகனுடைய நாக்கு கடைசியில் கடதாசிபோலக் காய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை வந்த பேர்ணடெற், அடுப்பில் திரைந்து கொதித்த வெள்ளையைப் பார்த்தாள்.

"உதென்ன கோணேஸ்?"

"தயிர் அக்கா."

"தயிரை ஏன் காய்ச்சிறாய்?"

"உயிரோட கிருமி இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

பகிடிக்காரி பேர்ணடெற்றுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைத்தாள். "அந்தக் கிருமிக்காகத்தான் தயிரே குடுக்கச் சொன்னது. காய்ச்சினால் அது செத்துப்போகும். இனி அப்பிடியே குடு."

கோணேஸ்வரி சட்டியை எடுத்துத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். "அவனுக்குக் காய்ச்சாமல் குடுத்துப் பிழைவிட்டன். இவளுக்குக் காய்ச்சிக் குடுத்ததும் பிழையோ அக்கா?"

"நீ குடுத்த உப்புத்தண்ணியாலதான் பிள்ளை சோராமல் இருக்கிறாள். தொட்டுப் பார், நாக்கு ஈரமாத்தானே இருக்கு."

புதுத் தயிர் திறந்தார்கள். முதல் கரண்டியைக் கோணேஸ்வரி தானே விழுங்கினாள். ஏதாவது என்றால் தனக்கும் சேர்த்து வரட்டும் என்று நினைத்தாள். அடுத்த கரண்டி மகளுக்கு. பாதி சட்டையில் சிந்தியது. சுகிர்தா "குளிருது" என்று சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் தாய் செத்துப் பிழைத்தாள்.

அன்று வயிற்றால் ஐந்து தடவை போனது. மறுநாள் இரண்டு. தயிராலோ, தானாகவோ, தனக்குத் தெரியாது என்றாள் பேர்ணடெற். அதற்கடுத்த நாள் பிள்ளை கெட்டியாகப் போனாள். கோணேஸ்வரி கழிவறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அம்மா, தண்ணி விடாய்க்குது" என்றாள் சுகிர்தா.

கோணேஸ்வரி அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கோப்பை நிறைந்தது. மகளின் வாய்வரை கொண்டுபோனவள், அப்படியே நின்றாள். பிறகு தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி அடுப்பைப் போட்டாள்.

"பொறு ராசாத்தி, காய்ச்சித் தாறன்."

அது கொதித்து ஆறும்வரை அவள் மகளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.