அறுபத்திரண்டு வரட்டும்

அந்த ஒரு வரியை டைப் செய்ய எனக்கு நான்கு நொடிகூட ஆகவில்லை.

சுடர்விழி அப்போது கவுண்டரில் யாருக்கோ பட்டா நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் வந்திருந்தேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் அவளுடைய இ-சேவை மையம். எங்கள் பாரம்பரிய நெல் உழவர் சங்கத்தின் இரண்டாவது ஃபுல் நோடை, அதாவது பதிவேடு முழுவதையும் வைத்திருக்கும் கணினியை, அங்கே நிறுவ வேண்டும். முதல் நோடு என் வீட்டில். இரண்டு வருஷமாக அது ஒன்றுதான்.

சங்கத்துக்காரர்கள் யாரும் வயலுக்கு மருந்து அடிக்கக் கூடாது. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு மூட்டை வரிசையும் யார் வயலில் விளைந்தது என்பது பிளாக்செயின் என்ற கணினிப் பதிவுச் சங்கிலியில் ஏறும். ஏறியதை அழிக்க முடியாது. திருத்தலாம். திருத்தம் புதுப் பதிவாக மேலே சேரும், பழையது அடியில் அப்படியே கிடக்கும். செல்போனில் பார்ப்பவர்களுக்கு மேலே இருப்பது மட்டும் தெரியும். அடியில் கிடப்பதெல்லாம் முதல் பதிவிலிருந்து முழுசாக இருப்பது ஃபுல் நோடில்தான்.

அப்படி அடியில் கிடக்கிற ஒன்று என்னுடையது. மொத்தச் சங்கிலியில் அறுபத்திரண்டாவது சதவீதத்தில்.

போன மாசியில், நாற்பத்தொன்றாம் வரிசை மூட்டைகளில் மருந்து இருப்பதாகப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அவை என் வயல் மூட்டைகள். சங்கத்தின் பதிவுகளைக் கவனிப்பவன் என்பதால் கடிதத்தை முதலில் பார்த்தவனும் நான்தான். அன்று சாயங்காலமே ஒரு திருத்தம் போட்டேன். நாற்பத்தொன்று அரசப்பன் பெயருக்குப் போனது. அவருடைய நாற்பத்துநான்கு என் பெயருக்கு வந்தது.

அரசப்பன், சுடர்விழியின் அப்பா.

அவரைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். "நான் அடிக்கலைங்க" என்று அவர் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. என் பெயர் வந்திருந்தால் இரண்டாவது தடவை சோதித்துப் பார்த்திருப்பார்கள். அரசப்பன் பெயருக்கு அது தேவைப்படவில்லை. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது நெல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இன்னோர் ஊரிலும் ஒரு நோடு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஃபைபர் லைனும் யூபிஎஸ்ஸும் இருப்பது சுடர்விழியிடம். அப்பாவை நீக்கிய அதே தலைவர் தங்கமணி மகளிடம் போய்க் கேட்டார். அவளும் சரி என்றுவிட்டாள்.

நான் டைப் செய்த வரிக்குப் 'புரூன்' என்று பெயர். பிளாக்குகள் எனப்படும் பழைய பதிவுக் கட்டுகளைச் சரிபார்த்த கையோடு அழித்துவிடு என்று அர்த்தம்.

"முடிஞ்சுதாண்ணே?" நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள் சுடர்விழி.

"ஓட விட்டாச்சு. மூணு மணிக்குள்ள இறங்கிடும்."

"இவ்வளவு நேரமா? காப்பி பண்றதுதானே?"

"காப்பி இல்ல சுடர். என் நோடு அனுப்புறதை இது நம்பாது. முதல் பிளாக்லேருந்து ஒவ்வொண்ணையும் தானே கணக்குப் போட்டுப் பார்த்துதான் எடுத்துக்கும். யார் அனுப்புனாலும் அப்படித்தான்."

"எங்கம்மா மாதிரின்னு சொல்லுங்க. கடையில எடை போட்டு வாங்குன பருப்பை வீட்ல மறுபடி எடை போடும்." சிரித்தாள். பிறகு திரையில் விரல் வைத்தாள். "இந்தக் கடைசி வரி எதுக்கு? நான் படிச்சதுல இது இல்லையே."

"டிஸ்க் ரொம்பாம இருக்க."

"ரெண்டு டெராபைட் டிஸ்க் வாங்கிப் போட்டிருக்கேனே?"

"பின்னாடி உதவும்."

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

என் காது சுட்டது.

வாசலில் ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "மருந்து அரசப்பன் மவ கடை இதானே?"

"போர்டுல என் பேரு இருக்கு பாருங்க, ஞானாம்பா ஆயா."

"எனக்குப் படிக்கவா தெரியும்? கடைத்தெருவுல கேட்டேன். மருந்து அரசப்பன் மவ கடைன்னுதான் வழி சொன்னானுவோ. இந்த ஆதார்ல போன் நம்பரை மாத்திக் குடு."

சுடர்விழி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆதாரை வாங்கிக்கொண்டு போனாள். ஏழு மாதமாகக் கேட்டுப் பழகிய முகம்.

திரையில் ஒன்பது சதவீதம்.

ஆயா வேலை முடிந்து கிளம்பும்போது அரசப்பன் வந்தார். மண்வெட்டியை வாசலில் சாத்தினார். காலில் சேறு. கையில் பிடுங்கிய நாலு நெற்பயிர்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா? பாப்பா, தம்பிக்கு டீ சொன்னியா?"

"ஆச்சுண்ணே. கையில என்ன?" என்றேன்.

நீட்டினார். நுனியெல்லாம் கருகியிருந்தது. "நட்டு இருபது நாளு. பாருங்க கூத்தை."

"வாய்க்கால் நிறைய தண்ணி போவுதே? வர்ற வழியில பார்த்தேனே?"

"நான் மடையை அடைச்சுட்டேன் தம்பி. போர் தண்ணிதான் பாய்ச்சுறேன். நம்ம பக்கத்துப் போர் தண்ணி தெரியும்ல? வாயில வைக்க முடியாது, அம்புட்டு உப்பு."

"ஏண்ணே அடைச்சீங்க?"

"நான் மருந்து அடிக்கலை. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டும் நெசம்னா, அப்ப மருந்து எங்கேருந்து வந்துச்சு? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். மேல எவனோ அடிச்சது வாய்க்கால் வழியா என் வயல்ல இறங்கியிருக்கணும். அதான் அந்தத் தண்ணியே வேணாம்னு மண்ணைப் போட்டு அடைச்சேன்."

என் பொய்யை நம்புவதற்காக அந்த மனுஷன் ஆற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"இந்தப் பொட்டியில எல்லாம் இருக்கும்னு பாப்பா சொல்லுது. அந்த மூட்டை சமாச்சாரம் இதுல தெரியுமா தம்பி? தண்ணி மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா இப்பவே போயி மடையை வெட்டிவிட்டுடுவேன். இன்னும் நாலு நாள் போனா பயிரு தாங்காது." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்குக் கூட்டத்துல நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பேசுனீங்க. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

பேசினேன். 'அபராதம் வேண்டாம், நீக்கினால் போதும்' என்று பேசினேன். அதற்குக் கைதட்டல்கூட விழுந்தது.

பதினொரு சதவீதம். நோடை நிறுத்தினேன்.

"அண்ணே! ஏன் நிறுத்துறீங்க?"

கடைசி வரியை அழித்தேன். மறுபடி ஓட விட்டேன். திரையில் பூஜ்ஜியம் வந்து நின்றது.

"முதல்லேருந்தா? அந்த வரி பின்னாடி உதவும்னீங்களே?"

"உதவும். எனக்கு. அது இருந்தா பழசெல்லாம் அழிஞ்சுடும் சுடர்."

"அழிஞ்சா என்னவாம்?"

சொன்னேன். இலைச்சுருட்டுப் புழு வந்ததில் பயந்துபோய் இரண்டு டேங்க் மருந்து அடித்ததிலிருந்து ஆரம்பித்து, கடிதம், திருத்தம், கூட்டம் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு திரையைக் காட்டினேன். "அறுபத்திரண்டு சதவீதத்துல வரும். பழைய பதிவு, மேல போட்ட திருத்தம், எந்தத் தேதி, யாரோட டிஜிட்டல் சாவியில ஏறுச்சு. எல்லாம் நான்தான்."

 

அரசப்பன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த பயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வாய்க்கால் தண்ணி நல்ல தண்ணிதானா?"

"நல்ல தண்ணிதாண்ணே."

பயிரை மேஜைமேல் வைத்தார். வாசலுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார். நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். "இருங்கண்ணே, நான் வந்து வெட்டிவிடுறேன்."

"வேணாம்." முதல் தடவையாக அவர் குரலில் 'தம்பி' இல்லை. "அடைச்சவனுக்குத்தான் தெரியும் எங்க எவ்வளவு மண்ணுன்னு."

விறுவிறுவென்று போய்விட்டார்.

நான் திரும்பியபோது சுடர்விழி என் நாற்காலியில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சார்."

அண்ணே போய்விட்டது.

"நீங்க சொன்னதை எங்கப்பா உடனே நம்பிட்டாரு. மாசியில சொன்னதையும் அப்படித்தான் நம்புனாரு. நான் நம்பணும்னு இல்லை. அறுபத்திரண்டு வரட்டும். நானே பாத்துக்குறேன்."

"சரி."

"பார்த்ததும் தங்கமணி சாருக்குப் போன் போடுறேன். ஸ்பீக்கர்ல. நீங்கதான் பேசணும். அதுவரைக்கும் கிளம்பக் கூடாது."

கவுண்டர் பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேஜைமேல் அந்த நாலு பயிர். திரையில் நான்கு சதவீதம். ஏழு. பன்னிரண்டு. என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. மின்சாரம் ஒரு தடவை போனது. நோடு நிற்கவில்லை, யூபிஎஸ் தாங்கியது. போனதும் ஒரு நொடி எனக்குள் எழுந்த சந்தோஷத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

பதினேழில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் ஆள் குனிந்து கேட்டான்.

"மருந்து அரசப்பன் மவ கடை இதானுங்களே?"

சுடர்விழி திரும்பி என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன். வாசலுக்குப் போனேன்.

"அரசப்பன் மவ கடைதான். உள்ள வாங்க," என்றேன். "மருந்து அடிச்சது நான்."