அசையத் தெரியாத முகம்

என் கணவர் தாணு அசையாத மனிதர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடையம் பக்கத்து வயல்களில் அளவைக் கருவியின் பின்னால் கண்ணை ஒட்டிக்கொண்டு நின்று நின்று, உடம்பே அப்படிப் பழகிவிட்டது. அவர் நின்றால் கொக்கு வந்து பக்கத்தில் நிற்கும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்களாம். வீட்டிலும் அதே கதைதான். சிரிப்பு வந்தால்கூட முகத்தில் ஒன்றும் நடக்காது. மூச்சு கொஞ்சம் சத்தமாக வெளியே வரும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அந்த முகத்தைக் கண்டு பயந்திருக்கிறேன். பிறகு அதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இடது புருவத்தின் ஓரம் சற்றே தாழ்ந்தால் வருத்தம். கீழுதடு உள்ளே போனால் பசி. வேறு யாருக்கும் தெரியாத எழுத்தைப் படிக்கிற பெருமை எனக்கு இருந்தது.

அந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியாமல் போயிற்று.

தை மாதக் கடைசியில், பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டுப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் ஓடுகிறவரை தெரிந்தது. கையை நிறுத்தியதும் சாக்பீஸும் இல்லை, போட்ட கோடும் இல்லை, பலகையும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வகுப்பே காலியாக இருந்தது. யாரோ ஒரு பெண் எழுந்து என்னிடம் ஓடி வந்தாள், அவள் மட்டும் தெரிந்தாள்.

மூளையின் பின்பக்கம் ரத்தக்கட்டு என்றார்கள். கை, கால், பேச்சு எதற்கும் குறைவில்லை. திருநெல்வேலி டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்ப்பது கண் அல்ல. ஒரு பொருளின் உருவத்தைக் கண்டுகொள்கிற இடம் மூளையில் வேறு, அது நகர்வதைக் கண்டுகொள்கிற இடம் வேறு. உருவத்துக்குப் போகிற பெரிய பாதை அடைபட்டுவிட்டது. நகர்வதற்கு மட்டும் ஏதோ ஒரு சந்து திறந்திருக்கிறது. அதன் வழியாக வருகிறது எதுவோ, அதுதான் எனக்கு உலகம்.

இருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நம் முதுகுக்குப் பின்னால் நமக்கு என்ன தெரிகிறது? கறுப்பாகவா தெரிகிறது? ஒன்றுமே தெரிவதில்லை, அதைப் பற்றி நாம் கவலைப்படுவதுமில்லை. அப்படி ஒரு ஒன்றுமில்லாமை எனக்கு முன்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் நடுவே விசிறி சுற்றும். கொடியில் சேலை பறக்கும், காற்று நின்றதும் சேலை போய்விடும். பால் பொங்கும்போது தெரியும், பால் சட்டி தெரியாது. சுவரே இல்லாத இடத்தில் பல்லி ஓடும். பெங்களூரிலிருந்து மகள் வித்யா வீடியோவில் பேசுவாள். நெட்வொர்க் சிக்கிக்கொண்டால் மற்றவர்களுக்கு அவள் படமாக நிற்பாள், எனக்கு ஆளே இருக்கமாட்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் நிற்கிற பொருள்கள் லேசாகக் கலங்கித் தெரியும். ஆனால் உடனே குமட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு மத்தியானம் நாற்காலியைக் கையால் தடவிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தேன். அது அவருடைய மடி. பேப்பர் படித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்திருக்கிறார். வாசல் கதவு திறந்து கிடந்தது. எதிர்வீட்டுச் சங்கரம்மாள் சரியாக அந்த நேரம் மோர் வாங்க வந்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாளாம். அவர் பேப்பரை மடித்தார். பிறகு மூச்சு சத்தமாக வெளியே வந்தது.

மறுநாளிலிருந்து உட்கார்ந்தால் காலை ஆட்டத் தொடங்கினார். கால் ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயதிலேயே அடித்து நிறுத்தப்பட்ட பழக்கத்தை அறுபதை நெருங்கும்போது எனக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார். அறைக்குள் வரும்போது துண்டை வீசிக்கொண்டு வருவார். வாசலில் எனக்காகக் காத்திருந்தால் இரண்டு கையையும் அசைத்துக்கொண்டு நிற்பார். கையும் காலும் துண்டும் இப்படி எனக்குக் கிடைத்தன. முகம் கிடைக்கவில்லை.

அதை அவரிடம் சொன்னேன். "உங்க முகம் மட்டும் வரமாட்டேங்கு."

கண்ணாடி முன்னால் நின்று பழகினார். எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "இப்பம் புருவத்தத் தூக்குதேன். தெரியுதா?" என்பார். தண்ணீருக்கடியில் மீன் புரண்டதுபோல ஏதோ ஒன்று தோன்றி மறையும். அது புருவமா, ஆசையா என்று எனக்கே தெரியாது. தடவிப் பார்த்தேன். விரலுக்கு மூக்கு கிடைத்தது, தாடை கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. இதைவிட ஒரு பயம் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. மனதில் இருந்த முகமும் கழன்றுகொண்டிருந்தது. நினைத்துப் பார்த்தால் கல்யாணப் போட்டோவில் இருக்கிற பையன் வந்து நின்றான். அவனோடு நான் வாழவில்லை. நான் வாழ்ந்த மனிதரை இன்னொரு முறை பார்க்காவிட்டால், அந்தப் பையனைத்தான் கடைசிவரை வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

என் கோளாறு தெருவுக்குத் தெரியாது. முதல் வாரமே ஒருத்தி வந்து என் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டாள். எனக்கு விரலும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. அவள் உச்சுக்கொட்டிய சத்தம் அடுக்களைவரை கேட்டது. அதன் பிறகு யார் கேட்டாலும் இவர், நல்லாயிட்டாள், ஓய்வெடுக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். என் கண்ணும் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது. அதனால் தெரு தன் கண்ணால் கண்டதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தது. நல்லாயிட்டவள் நான். அவருக்கு உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, நின்றால் கை ஆடுகிறது, கண்ணாடி முன்னால் முகம் கோணுகிறது. தாணு அண்ணாச்சிக்குத்தான் நரம்புத் தளர்ச்சி.

சங்கரம்மாள் ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "மதினி, ஒனக்குப் பாத்துப் பாத்தே அண்ணாச்சிக்கு நரம்பு தளந்துட்டு. ஆடுதாகள்லா, பாக்கியா இல்லியா?"

பார்க்கிறேன் என்றேன். அதில் பொய் இல்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, சொரிமுத்து என்று ஒருவன் இருக்கிறான், அவன் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவியில் நின்றால் தளர்ந்த நரம்பெல்லாம் முறுக்கேறும், தன் கொழுந்தனார் அப்படித்தான் தேறினார் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். ராத்திரி இவரிடம் சொல்லி, உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். வேண்டாம் என்றார். "என்னைய வந்து விரல எண்ணச் சொல்லமாட்டாகள்லா. எனக்கே இருந்துட்டுப் போட்டும்."

ஆக, இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பினோம். சங்கரம்மாளும் கூடவே வந்தாள், உவைஸின் ஆட்டோவில்.

எனக்கு ஆட்டோ பிடிக்கும். அது ஓடினால் எல்லாம் ஓடும். ஓடுவதெல்லாம் எனக்குத் தெரியும். மாதக்கணக்காக இல்லாமல் இருந்த எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் திரும்பி நின்று பார்த்துவிட்டுப் போனது. சுவரொட்டிகள், வாழைத்தார்கள், மேலகரம் தாண்டி வயல், அதற்குப் பின்னால் மெதுவாக நகர்கிற மலை. சாரல் கோடுகோடாக இறங்கியது. லாரிக்கு வழிவிட உவைஸ் பிரேக் போட்டபோது லாரியையும் சாரலையும் தவிர உலகம் முழுக்க அணைந்தது. பக்கத்தில் இவர் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தார், நான் இங்கே இருக்கிறேன் என்று. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு கட்டைவிரல். அதைப் பிடித்துக்கொண்டேன்.

பேரருவியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பாறை இல்லை, மலை இல்லை, பாலம் இல்லை. வெள்ளையாக, உயரமாக, விழுகிற தண்ணீர் மட்டும். நோய் வந்த பிறகு ஒரு பொருளை முழுதாக, அது நின்றுவிடுமோ என்ற பயமில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் பக்கத்தில் அவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு வேலை என்ன அவருக்கு, கண் இமைக்காமல் நிற்கப் பழகியவர். திடீரென்று, "நாச்சி, பாறை மேல ஏறுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அருவியையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினாராம். பாறை மெல்ல மேலே போகிறதாம். போகிறது, ஆனால் இடத்தை விட்டு நகரவும் இல்லை என்றார். சின்னப் பிள்ளைக்கு வருகிற வியப்பு அந்தக் குரலில் இருந்தது. பிறகு குனிந்து என் காதில், "எல்லாருக்கும் உள்ள கொஞ்சம் கோளாறுதான் போலிருக்கு" என்றார். எனக்குத் துணையாக ஒரு கோளாறைத் தேடிக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

முதல் வாக்கியம் மட்டும் சங்கரம்மாள் காதில் விழுந்துவிட்டது. அவள் வேகமாகச் சொரிமுத்துவிடம் போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது. "சொரிமுத்து, இது ஒடம்போட நிக்கல. பாறை ஏறுதுன்னு சொல்லுதாக. தலைக்குப் போயிட்டு. தலையும் மூஞ்சியும் நல்லாப் பாத்துத் தேச்சுவிடு."

கடைகளுக்குப் பின்னால் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் பலகை போட்டிருந்தார்கள். இவர் துண்டைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார, நானும் சங்கரம்மாளும் எதிரே ஆளுக்கொரு சின்னப் பலகையில் உட்கார்ந்தோம். சொரிமுத்துவின் கைகள் எண்ணெயோடு வந்தன, பெரிய கைகள். முதுகில் தட்டினான், தோளைப் பிசைந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கைகளும் அவற்றுக்கடியில் புரள்கிற சதையும். "அண்ணாச்சி, ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு. இதுல எங்க தளர்ச்சி?" என்றான்.

பிறகு கைகள் மேலே போயின. உச்சந்தலையில் எண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்தான். நெற்றித் தோலைப் பின்னால் இழுத்து விட்டான், கன்னம் இரண்டையும் உள்ளங்கையால் பிடித்து வட்டமாக உருட்டினான்.

முகம் வந்தது.

முதலில் நெற்றி, மடிந்து விரிந்துகொண்டு. காதுகள். சுருங்கி மூடிய கண்கள், அவற்றின் ஓரத்தில் எனக்குத் தெரியாத கோடுகள். கன்னம் மேலே போகும்போது மூக்கும் கூடவே போயிற்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக வரவில்லை. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே ஆளாக வந்தன. அந்தக் கல்யாணப் போட்டோப் பையன் எங்கே போனான் என்று தெரியவில்லை. இவர்தான். இளைத்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த ராத்திரிகளெல்லாம் கண்ணுக்குக் கீழே இருந்தன. அவர் குரல் அதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை.

சொரிமுத்துவின் கட்டைவிரல்கள் உதட்டுக்கு மேலே வந்தன. நான் குனிந்தேன்.

"மீசை நரைச்சிருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீசைக்கு மை போடுகிறவர் அவர். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் தெரியாததுபோலவே இருந்தேன். அந்த மீசையை நான் வெள்ளையாகப் பார்த்ததில்லை.

சொரிமுத்துவின் கைகள் நின்றன. முகம் போய்விட்டது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"மை போடல."

"ஏன்?"

"நீதான் பாக்கலியே."

"ஊரு பாக்கும்லா?"

"ஊருக்கா போட்டேன்?"

சங்கரம்மாள் குழம்பிப் போனாள். "அது மாசிலேருந்தே நரைச்சுக் கெடக்கு. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு நீ இன்னிக்குத்தான் பாக்கியா மதினி?"

அவளிடம் சொன்னேன். நிற்கிற எதுவும் எனக்குத் தெரிவதில்லை, அசைந்தால்தான் தெரியும், நீ இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றுகூடக் குரலை வைத்துத்தான் சொல்ல முடியும் என்றேன். அவளிடமிருந்து சத்தமே இல்லை. எழுந்து போய்விட்டாளோ என்று நினைத்தேன்.

"அப்பம் அண்ணாச்சி கையக் கால ஆட்டுனது?"

"எனக்குத்தான்."

உச்சுக்கொட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு அதட்டினாள். "ஏலே சொரிமுத்து, யாரு ஒன்னைய நிப்பாட்டச் சொன்னா? தேய்லே. மூஞ்சியத் தேய்."

கைகள் திரும்ப வந்தன. இந்த முறை பாவம், இரக்கம் கூடிப்போய் இரண்டு மடங்கு பலமாகத் தேய்த்தான். "மெள்ளப்பா, வலிக்கி" என்று இவர் சொல்லச் சொல்ல வாய் ஒரு பக்கமும் கன்னம் ஒரு பக்கமும் போயின. புருவங்கள் உச்சந்தலைவரை ஏறி இறங்கின. வெள்ளை மீசை கோணி, நிமிர்ந்து, மறுபடி கோணியது. இத்தனை வருட வாழ்க்கையில் அந்த முகம் போகாத இடங்களுக்கெல்லாம் போய்வந்துகொண்டிருந்தது. நடுவே கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "தெரியுதா?" என்றார்.

தெரியுது என்றேன். போதுமா என்று சொரிமுத்து என்னைக் கேட்டான். இன்னும் கொஞ்சம் என்று சொல்லிவிட்டு என் பலகையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.