கேஸை மூடாமல் போகக் கூடாது

பாடையில் கடைசி முடிச்சு விழுந்துகொண்டிருந்தபோது அபிதகுசாம்பாள் புருஷன் ஜெகநாதனின் உடலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள். காலையிலிருந்து தலையே நிமிராமல் உட்கார்ந்திருந்தவள். துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எங்க அண்ணி போற?" என்றாள் நாத்தனார் கன்னியம்மா.

"மிஷின்ல கேஸ் தொறந்து கீது. வீடு நெறைய ஜனம்."

யாரும் மறுக்கவில்லை. அந்த மிஷின் என்றாலே வீட்டில் எல்லோருக்கும் பயம். பட்டு வியாபாரத்தில் பழக்கமான ஒரு சிங்கப்பூர்க்காரர் கொடுத்தது. ஒயின் பாட்டிலை நிறுத்திக் குழாயைச் செருகினால், சிலிண்டர் கேஸ் உள்ளே காற்றை அண்டவிடாது. திறந்த ஒயினும் வாரக்கணக்கில் புளிக்காது. ஆரணிக்கே ஒன்றுதான் என்று ஜெகநாதன் பீற்றிக்கொள்வார். பீற்றிக்கொள்ள அவர், கழுவ இவள்.

"வாசனையே இல்லாத கேஸுடி. ஜன்னல மூடிகினு வேல செஞ்சா மூச்சு முட்டிப் பூடுவ. கேஸ மூடாம, பைப்பக் கழுவாம எங்கயும் போவாத." இது அவர் போட்ட சட்டம்.

வந்தவாசியில் அவள் அம்மா செத்ததாகப் போன் வந்த அன்றும் அதே சட்டம்தான். "சாயங்காலம் பார்ட்டி கீது. கழுவி வச்சிட்டுப் போ. பொணம் எங்க ஓடிடப் போவுது?" பாவி மனுஷன், பேசுகிற பேச்சா அது! கழுவி வைத்துவிட்டு அவள் பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் மிதிபட்டுக் கிடந்த பூவைத்தான் பார்த்தாள். உன் கடைசி முகத்தை நானும் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்கே புருஷனை நினைத்து மனசுக்குள் முடிந்து வைத்தாள்.

இப்போது மிஷின் இருந்த அறைக்குள் போய் முதலில் ஜன்னலைத் திறந்தாள். சிலிண்டர் வால்வை இறுக மூடினாள். விசையை அழுத்தி மிச்ச கேஸை வெளியேற்றினாள். உஸ்ஸென்று சீறி அடங்கியது. அப்புறம்தான் பாட்டிலை எடுத்தாள். எதிலும் பிசகவில்லை. ஒயினைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவ ஆரம்பித்தாள்.

வெளியே பறை நின்றது. "மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்குங்க! மூடப் போறோம்!"

கன்னியம்மா ஓடிவந்தாள். "அண்ணி, ஜல்தி வா! அண்ணன் மொகத்த மூடப் போறாங்க. அப்பறம் வேணும்னாலும் கெடைக்குமா?"

"பைப்பக் கழுவிகினு கீறேன் கன்னிம்மா."

"ஐயோ, இப்ப இன்னா கழுவறது? பைத்தியமா உனக்கு?"

"கழுவாம எங்கயும் போவக் கூடாது. உங்க அண்ணன் சொன்னதுதான்."

கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணியின் அம்மா செத்த அன்றைக்கு இதே அறை வாசற்படியில் நின்று அண்ணன் சொன்னதைக் கேட்டவள் அவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

பறை மறுபடி முழங்கியது. தெருமுனை திரும்பிச் சத்தம் தேய்ந்துபோயிற்று. குழாயிலிருந்து சிவப்பாக வந்துகொண்டிருந்த தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. அபிதகுசாம்பாள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.