என் பங்காளியின் விலை

என் பங்காளியின் விலை ஒரு கடை. அப்படி விலை பேசியவர் எங்கள் கட்டட முதலாளி.

நானும் எதிர்க்கடைக்காரனும் பயணப்பெட்டி விற்கிறோம். நான் விலையை ஏற்றிச் சொல்வேன். அவன் தெருவுக்கு வந்து, "அடப்பாவி, கொள்ளையடிக்கிறியா!" என்று கத்தி, அதே பெட்டியைக் குறைத்துக் கொடுப்பான். மறுநாள் வேஷம் மாறும். லாபம் பாதிப் பாதி.

இந்த நாடகம் முதலாளிக்குத் தெரியாது. ஒருநாள் என் கடைக்கு வந்து சொன்னார்: "தினம் சண்டைதானேண்ணே? அவனைக் காலி பண்ணிடுறேன். அந்தக் கடையையும் நீங்களே எடுத்துக்குங்க. சரின்னு சொல்லுங்க!"

பங்கு உள்ளவன் பங்காளி. அப்பன் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் உறவுக்காரனுக்கு முதலில் வைத்த பெயர் அது. எங்களுக்குச் சொத்தும் இல்லை, உறவும் இல்லை, பங்கு மட்டும்தான். உண்மையைச் சொன்னால் வியாபாரம் போகும். சொல்லாவிட்டால் அவன் போவான்.

"யோவ் பங்காளி, ஓடி வாய்யா!" என்று முதலாளி முன்னாலேயே எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினேன்.

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, "இன்னைக்கு யாரைடா மொட்டையடிக்கிறே?" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு பாய்ந்து வந்தான். வாடிக்கையாளர்கள் வாய் பிளக்க, அவனைக் கட்டிப்பிடித்தேன்.

"பிரிக்க முடியாதா? அப்ப சேர்த்தே ஏத்துறேன்" என்று முதலாளி இரண்டு கடைக்கும் வாடகையை ஏற்றினார்.

என் பங்கைக் கட்டிவிட்டேன். பங்காளியின் பங்கையும் நானே கட்டினேன். அவன் எனக்குத் தரவேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது.